பிழைச்செய்தியைச் சொல்வது யார்? விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் நிறுவிய அனுபவங்கள்

விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) இயங்குதளம் நிறுவும்போது வேலை பாதியில் நின்றால், திரையில் தெரியும் செய்தியைச் சொல்வது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் சொல்கிறதா, மெஷினை உருவாக்கி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் சொல்கிறதா, அந்த மெஷினுக்கென்று இருக்கும் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல்) சொல்கிறதா, அல்லது உள்ளே ஓடத் தொடங்கிவிட்ட இன்ஸ்டாலர் சொல்கிறதா? நான்கும் ஒரே திரையில்தான் வருகின்றன, ஆனால் சரிசெய்யும் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் மாற்றினால், முதலில் இருந்த ஒரு சிக்கல் மூன்றாகிவிடும்.

வார இறுதிகளில் கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். பெரும்பாலும் 8 ஜிபி ரேம். வீட்டில் தம்பியோ தங்கையோ அதையேதான் பயன்படுத்துவார்கள், அதனால் விண்டோஸோடு லினக்ஸையும் அதே டிஸ்க்கில் நிறுவும் டூயல் பூட் செய்யச் சொல்ல மனம் வருவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடுவதுதான் பாதுகாப்பான வழி. வழிகாட்டிகளில் இது அரைப் பக்க வேலை. ஓர் அறை நிறைய லேப்டாப்களில் செய்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். முதல் நாளே இன்ஸ்டால் ஆகாமல் போனவர்களில் சிலர் அடுத்த வாரம் வருவதே இல்லை. "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பயாஸில் அணைந்து கிடக்கும் ஓர் அமைப்புக்காக ஒரு பிள்ளை இந்தத் துறையையே விட்டுப் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அப்படிப் பார்த்த தடங்கல்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதிகம் கேட்கும் குரல் இது: "அண்ணா, லிஸ்ட்ல 64 பிட்டே வரல." மெஷின் உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் பதிப்புகள் மட்டுமே தெரியும். அல்லது மெஷினைத் தொடங்கியதும் விடி-எக்ஸ் இல்லை என்றோ ஏஎம்டி-வி இல்லை என்றோ ஒரு பெட்டி திறக்கும். இன்ஸ்டாலர் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. இதைச் சொல்வது விர்ச்சுவல்பாக்ஸ். ஆகவே ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தை நிறுவுவதற்கான டிஸ்க்கின் முழுப் பிரதி) மறுபடி இறக்குவதில் பயன் இல்லை.

ஒரு பிராசஸருக்குள் இன்னொரு இயங்குதளத்தைத் தாங்கும் வசதியை இன்டெல் (விடி-எக்ஸ்) 2005லும் ஏஎம்டி (ஏஎம்டி-வி) 2006லும் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. 2019 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் அந்த வசதி இல்லாமல் எதுவும் ஓடாது. இன்றைய லேப்டாப்கள் எல்லாவற்றிலும் வசதி இருக்கிறது. பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைச் சொடுக்கினால், விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா டிஸேபிள்டா என்று அங்கேயே தெரியும். டிஸேபிள்டு என்றிருந்தால் பயாஸுக்குப் போக வேண்டும். இன்டெல் மெஷினில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று இருக்கும். ஏஎம்டி மெஷினில் எஸ்விஎம் மோட் என்று இருக்கும். பெயர் சம்பந்தமில்லாததுபோல் இருப்பதால் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் செய்தும் பலன் தெரியாவிட்டால், முழுதாக அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

பயாஸைத் தொடும் முன் ஒரு முன்ஜாக்கிரதை, இதை நான் அழுத்திச் சொல்வேன். விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கிக்கொண்டிருக்கும், உரியவருக்கே அது தெரியாது. பயாஸில் ஏதாவது மாற்றினால் அடுத்த முறை தொடங்கும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும் அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பாஸ்வேர்டே நினைவில்லாத நிலையில் அந்தத் திரையைப் பார்ப்பது பெரிய அவஸ்தை. முதலில் சாவியை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பயாஸ்.

இனி என்னை அதிகம் அலைக்கழித்த சிக்கல். டாஸ்க் மேனேஜரில் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு. 64 பிட் பட்டியல் வருகிறது. மெஷின் தொடங்குகிறது, உபுண்டு லோகோ வருகிறது, அப்புறம் நகர்வதே இல்லை. ஒரு சொடுக்குக்குப் பல நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். சில மெஷின்களில் கருந்திரையில் சாஃப்ட் லாக்கப் என்று தொடங்கி, சிபியு இத்தனை வினாடி சிக்கிக்கொண்டது என்ற வரி திரும்பத் திரும்ப ஓடும். அந்த வரியைச் சொல்வது உள்ளே இருக்கும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல். அதனால் எல்லோரும் உபுண்டுவைக் குற்றம் சொல்கிறார்கள்; வேறு பதிப்பை இறக்குகிறார்கள், அதிலும் இதே கதை. கெர்னல் சொல்வது உண்மைதான். அதற்குக் கிடைக்க வேண்டிய பிராசஸர் நேரம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான காரணம் வெளியே, விண்டோஸில் இருக்கிறது.

அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடியில், வலது மூலையில் உள்ள சின்னங்களின் வரிசையைப் பாருங்கள். அங்கே பச்சை நிறத்தில் ஓர் ஆமை தெரிந்தால், பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வி முதலில் எடுத்துக்கொண்டது என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரிடம் நேரடியாகப் பேச முடியாமல் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. சில லேப்டாப்களில் இது சமாளிக்கும் அளவுக்கு இருக்கும், சிலவற்றில் இன்ஸ்டால் முடியவே முடியாது.

"நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே" என்பார்கள். போட்டிருக்க மாட்டார்கள்தான். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 நிறுவியிருந்தால் அது வந்துவிடும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் இருந்தாலும் அப்படியே. இவை இரண்டும் இல்லாவிட்டாலும், விண்டோஸ் செக்யூரிட்டியில், டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில், கோர் ஐசொலேஷன் என்பதன் கீழ் மெமரி இன்டெக்ரிட்டி என்ற அமைப்பு இருக்கிறது. புதிய லேப்டாப்களில் பல சமயம் அது வாங்கும்போதே இயக்கத்தில் இருக்கும். அதுவும் ஹைப்பர்-வியின் மேல்தான் நிற்கிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் எடுத்துவிட்ட பிறகும் ஆமை போகாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மெமரி இன்டெக்ரிட்டிதான். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையின் கடைசியில் ஒரு ஹைப்பர்வைசர் இருப்பது தெரிகிறது என்ற வரி இருக்கும்வரை வேலை முடியவில்லை. எல்லாவற்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்த பிறகும் அந்த வரி இருந்தால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையில் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் என்பதை ஆஃப் ஆக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வதில்லை. மெமரி இன்டெக்ரிட்டி ஒரு நல்ல பாதுகாப்பு. கண்ட இடத்தில் மென்பொருள் இறக்கும் பழக்கம் உள்ள வீட்டு லேப்டாப்பில் அதை நிரந்தரமாக அணைத்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டாக்கர் பயன்படுத்தும் மாணவருக்கு ஹைப்பர்-வியை அணைத்தால் நாளை டாக்கர் ஓடாது. அவர்களுக்கு நான் சொல்வது: விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் ஹைப்பர்-வி மேனேஜரிலேயே உபுண்டுவை நிறுவுங்கள், அல்லது கட்டளைகள் கற்க மட்டும் என்றால் டபிள்யூஎஸ்எல் 2 தாராளமாகப் போதும். ஹோம் பதிப்பு வைத்திருந்து, முழு டெஸ்க்டாப்பும் வேண்டும் என்பவர்கள் மட்டும் அணைக்கட்டும்.

ஐஎஸ்ஓ கோப்பின் கதைக்கு வருவோம். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் கோப்பு 5 ஜிபிக்கும் மேல். தினமும் ஒன்றரை, இரண்டு ஜிபி டேட்டா உள்ள ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் அதை இறக்கும் மாணவர்கள் பல நாளாகத் துண்டு துண்டாக இறக்குவார்கள். இடையில் எங்காவது பழுதானால் கோப்பின் அளவு சரியாகவே தெரியும், இன்ஸ்டாலரும் தொடங்கும், பாதி வழியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை (ஐஎஸ்ஓவுக்குள் சுருக்கி வைத்த கோப்புகளைப் படிக்க முடியவில்லை) என்று நிற்கும். அந்தச் சொல் தென்பட்டாலே நான் கோப்பைச் சந்தேகிப்பேன். உபுண்டு தளத்தில் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் கோப்பின் கைரேகை போன்ற, 64 எழுத்து நீளமுள்ள ஷா-256 மதிப்பு தரப்பட்டிருக்கிறது. விண்டோஸில் பவர்ஷெல் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நம்மிடம் உள்ளதன் மதிப்பு வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வகுப்புக்கு ஒரு பென்டிரைவில் சரிபார்த்த கோப்பை எடுத்துப் போகிறேன். பென்டிரைவ் எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. இதே எல்லை இன்னோர் இடத்திலும் கடிக்கும். லேப்டாப்பில் இடமில்லை என்று மெஷினின் டிஸ்க் கோப்பை ஃபாட்32 டிரைவில் வைத்தால், முதலில் எல்லாம் நன்றாகவே போகும். தேவைக்கேற்ப வளரும் அந்தக் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் இன்ஸ்டால் உறைந்து நிற்கும். இன்னொன்று: விண்டோஸில் ஐஎஸ்ஓ கோப்பு வின்ரார் சின்னத்தோடு தெரிவதால் அதை எக்ஸ்ட்ராக்ட் செய்துவிடுகிறார்கள். வேண்டாம். கோப்பை அப்படியே விர்ச்சுவல்பாக்ஸிடம் கொடுத்தால் போதும்.

ரேம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி டிஸ்கும் கேட்கிறார்கள். 8 ஜிபி லேப்டாப்பில் 4 கொடுத்துவிட்டு வெளியே குரோமில் நிறைய டேப்களைத் திறந்து வைத்தால் இரண்டு பக்கமும் திணறும். அந்த மாணவர்களுக்கு நான் குறைந்த ரேமில் ஓடும் லினக்ஸ் வகைகளான லுபுண்டுவோ எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன் டெபியனோ பரிந்துரைக்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டிய லினக்ஸ் எல்லாம் அதிலும் இருக்கிறது. சிபியு கோர் இரண்டு கொடுங்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால், தொடக்க மெனுவில் சேஃப் கிராபிக்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்து பாருங்கள். டிஸ்ப்ளே அமைப்பில் லினக்ஸுக்கு கிராபிக்ஸ் கன்ட்ரோலராக விஎம்எஸ்விஜிஏ இருக்கட்டும், வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள், 3டி ஆக்சிலரேஷன் வேண்டாம். உபுண்டு 20.04 போன்ற பழைய பதிப்புகளில் இன்ஸ்டாலர் சாளரம் திரையைவிடப் பெரிதாகி, அடுத்து என்ற பொத்தான் கீழே மறைந்துவிடும். ஆல்ட் விசையோடு எஃப்7 அழுத்தி மவுஸை மேலே கொண்டுபோனால் சாளரம் நகரும், பொத்தான் தெரியும்.

விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 வந்தது 2022 அக்டோபரில். அதோடு புதுவகைச் சிக்கல்களும் வகுப்புக்கு வந்தன. ஐஎஸ்ஓவைத் தேர்ந்ததுமே, நாம் ஒன்றும் கேட்காமல், அதுவே எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளும் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் முறை தானாகத் தேர்வாகியிருக்கும். நல்ல எண்ணத்தில் தந்த வசதிதான். ஆனால் முதன்முறை கற்பவருக்கு இது நல்லதில்லை என்பது என் உறுதியான கருத்து. பயனர் பெயர் விபாக்ஸ்யூசர், பாஸ்வேர்டு சேஞ்ச்மீ என்று அதுவே வைத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் கடந்தவர் லாகின் திரையில் தன் பெயரைத் தேடுவார். உள்ளே போனாலும் உபுண்டு 22.04 போன்ற பதிப்புகளில் கட்டளைகள் இடும் டெர்மினல் திறக்காது. சொடுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்து மறைந்துவிடும். மொழி அமைப்பு அரைகுறையாக அமைந்ததே அதற்குக் காரணம். செட்டிங்ஸில் மொழியை வேறொன்றுக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்தால் திறக்கும். டெர்மினல் திறந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைக் கொடுத்தால், இந்தப் பயனர் சூடோயர்ஸ் பட்டியலில் இல்லை என்று சொல்லும். எஸ்யு கட்டளையில் ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு) நுழைந்து (பாஸ்வேர்டு அதேதான்) பயனரை சூடோ குழுவில் சேர்க்க வேண்டும். லினக்ஸை அன்றுதான் பார்க்கும் ஒருவருக்கு இவ்வளவும் முதல் மணி நேரத்தில் நடந்தால் எப்படி இருக்கும்!

விண்டோஸ் நிறுவினாலும் இதே முறைதான் தொல்லை. மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் விதிமுறைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, நிறுவும் கோப்புகள் சரியானவைதானா என்று பாருங்கள் என்று செய்தி வரும். இதைச் சொல்வது விண்டோஸ் இன்ஸ்டாலர். அது கோப்பைக் கைகாட்டுகிறது. கோப்பு பழுதில்லை. தானியங்கி முறை கொடுத்த விடைத்தாள்தான் அதற்குப் பொருந்தவில்லை. எனவே விர்ச்சுவல்பாக்ஸ் 7.0ல் மெஷின் உருவாக்கும் முதல் திரையிலேயே ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். ஏற்கெனவே உருவாக்கிவிட்டால், அந்த மெஷினை அழித்துப் புதிதாக உருவாக்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

நாமே நிறுவும்போது ஓர் இடத்தில் எல்லோர் கையும் தயங்கும். இரேஸ் டிஸ்க் என்று கேட்கும் இடம். அப்பாவின் ஃபோட்டோ, செமஸ்டர் ப்ராஜெக்ட் எல்லாம் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். "பயப்படாதே, அழுத்து" என்று சொல்லாமல், டிஸ்க்கின் பெயரைப் படிக்கச் சொல்வேன். விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க் என்று இருக்கும், அளவு நாம் கொடுத்த 25 ஜிபி இருக்கும். லேப்டாப்பின் உண்மையான டிஸ்க் அங்கே தெரியவே தெரியாது. உள்ளே இருக்கும் இன்ஸ்டாலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதைத் தாங்களே படித்துத் தெரிந்துகொண்டவர்கள் பிறகு எந்த டிஸ்க்கிலும் பெயரைப் படிக்காமல் கைவைப்பதில்லை.

நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட் என்று வந்தால், சொல்வது மெஷினின் பயாஸ். சிடி டிரைவில் ஐஎஸ்ஓ இல்லை, அல்லது டிஸ்க்கில் இன்னும் ஒன்றும் நிறுவப்படவில்லை. ஸ்டோரேஜ் பகுதியில் ஐஎஸ்ஓவை மாட்டினால் முடிந்தது. இதற்கு எதிர்மாறும் உண்டு: நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி இன்ஸ்டாலரே வரும். ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியிருக்கிறது என்று பொருள், எடுத்துவிடுங்கள். விண்டோஸில் இது கொஞ்சம் தந்திரமானது. ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று முதல்முறை கேட்கும்போது உடனே அழுத்த வேண்டும், தவறினால் இன்ஸ்டாலர் தொடங்காது. நிறுவும் நடுவில் அது ரீஸ்டார்ட் ஆகி அதே கேள்வியைக் கேட்கும்போது கைவைக்கக் கூடாது. அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.

லினக்ஸ் லேப்டாப்பில், கெர்னலிலேயே உள்ள விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் வைத்து விண்டோஸ் நிறுவுபவர்கள் வேறு ஒன்றைச் சந்திப்பார்கள். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரை காலியாக இருக்கும், எந்த டிரைவும் இல்லை என்று சொல்லும். டிஸ்க்கை, விர்ச்சுவல் மெஷின்களுக்கென்றே வடிவமைத்த விர்ட்ஐஓ வகையாகக் கொடுத்திருப்போம். விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் கிடையாது. விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடி டிரைவாக மாட்டி, லோட் டிரைவர் கொடுத்து, வையோஸ்டார் என்ற அடைவில் நம் விண்டோஸ் பதிப்புக்கு உரியதைக் காட்டினால் டிஸ்க் தெரியும். விண்டோஸ் 11 என்றால் சிக்கல் இதோடு முடிவதில்லை. நிறுவிய பிறகு இணையத்தில் இணை என்ற திரையில் நின்றுவிடும், ஏனென்றால் நெட்வொர்க் கார்டும் விர்ட்ஐஓதான். டிஸ்க்குக்கு டிரைவர் தரும்போதே நெட்கேவிஎம் டிரைவரையும் ஏற்றிவிடுவது என் வழக்கம். அதே லினக்ஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸும் பயன்படுத்தினால், கெர்னல் 6.12 முதல் கேவிஎம் மாட்யூல் ஏறியதுமே பிராசஸர் வசதியைப் பிடித்துக்கொள்கிறது. நேற்றுவரை ஓடிய மெஷின் அப்டேட்டுக்குப் பிறகு ஓடாமல் போவது இதனால்தான். கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டால் ஓடும்.

எம்1, எம்2 மேக் வைத்திருப்பவர்கள் சாதாரண ஐஎஸ்ஓவோடு போராடுவதைப் பார்த்தால் முதலிலேயே நிறுத்திவிடுவேன். அது இன்டெல், ஏஎம்டி வகையிலிருந்து வேறுபட்ட ஏஆர்எம் பிராசஸர். ஏஆர்எம் 64 என்று பெயரிட்ட ஐஎஸ்ஓவை இறக்கி, யூடிஎம் செயலியில் நிறுவினால் நன்றாக ஓடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் லாக் கோப்பு இருக்கிறது. மெஷினின் பெயர்மேல் வலது சொடுக்கி ஷோ லாக் கொடுத்தால் திறக்கும். வெளியே என்ன விண்டோஸ், எவ்வளவு ரேம், பிராசஸர் எது, எந்த ஐஎஸ்ஓ எங்கே மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தொடக்கப் பகுதியில் என்இஎம் (ஹைப்பர்-வி வழியாக ஓடும் முறை) என்ற மூன்றெழுத்தைத் தேடிப் பாருங்கள். விடி-எக்ஸ் கிடைக்காததால் என்இஎம்முக்கு மாறுகிறேன் என்று இருந்தால் அது ஆமை விவகாரம்தான். என்னிடம் கேட்கும் மாணவர்களிடம் திரையை ஃபோனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், இந்தக் கோப்பை முழுதாக அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கோப்புகளின் பாதையில் விண்டோஸ் பயனர் பெயர் இருக்கும். பொது இடத்தில் போடுவதானால் அதை மட்டும் மாற்றிவிட்டுப் போடுங்கள். மெஷினை மறுபடி தொடங்கினால் பழைய லாக் எண்ணிட்ட பெயருக்கு மாறும், அதிலும் கடைசிச் சிலதான் மிஞ்சும். அதனால் பிழை வந்த உடனே, வேறெதையும் சொடுக்கும் முன், ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.